தவேராவைப் பற்றி விசாரித்தது

கிளேட்டன், மெல்பேர்ண்
14.3.1976

அன்புள்ள தம்பி விக்னராஜாவுக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே நான், அத்தான், கலா மூவரும் சுகம். அத்தானுக்கு முழங்கால் பிடிப்பு மட்டும் இன்னும் விடவில்லை.

சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர மனம் சுகமில்லை. வீட்டில் ஒரு அந்நிய மனிதர் இருக்கிறார். எல்லாம் உன் அத்தான் பார்த்த வேலை. பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் இவரோடு வேலை செய்கிற கிரேக்கர் ஒருவர் ஒரு உதைபந்தாட்டக் கழகத்தின் நிர்வாகியாம். கழகத்துக்குப் புதிதாக வந்த கோச்சுக்கு ஒரு சீசனுக்கு அறை வேண்டும் என்று அவர் கேட்க, இவர் என்னிடம் ஒரு சொல் கேளாமல் எங்கள் பின்னறையைக் கொடுத்துவிட்டார். கேட்டால், "கோச் எண்டா வாத்தியார் மாதிரித்தானே நாகேஸ், ஏன் பயப்பிடுறாய்?" என்கிறார்.

அந்த வாத்தியாரின் பெயர் தவேரா. பிரேசில் நாட்டவர். ஐம்பத்தெட்டு வயது சொல்லலாம். வந்து மூன்று கிழமையாகிறது, இன்னும் பெட்டியிலிருந்து உடுப்பை எடுத்து அலுமாரியில் வைக்கவில்லை. தோய்த்துக் காயவைத்து மடித்து மறுபடியும் பெட்டிக்குள்ளேயே போட்டுப் பூட்டுகிறார். யன்னல் சீலையை எந்நேரமும் இழுத்து மூடியே வைத்திருக்கிறார். யாராவது கதவைத் தட்டினால் எழும்பிப் பின்வளவுக்குப் போய்விடுகிறார்.

குணம் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். எனக்கும் அவருக்கும் இங்கிலீஷ் அரைகுறை. ஆனால் ஒரு புதினம் கேள். முதல் நாள் "கதிரையில இருங்கோ" என்று தமிழில் சொல்லிவிட்டேன். மனிசன் திடுக்கிட்டுப் போனார். அவருடைய பாஷையிலும் அது கிட்டத்தட்ட அதேதானாம். பிறகு குசினி, மேசை, சப்பாத்து, துவாய் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுச் சொல்லி இரண்டு பேரும் சின்னப்பிள்ளைகள் போலச் சிரித்தோம். பின்னேரங்களில் என் வெங்காயக் கூடையைக் கவிழ்த்து, பதினொரு வெங்காயம் ஒரு பக்கம், பதினொரு உள்ளிப்பூண்டு மறுபக்கம் என்று மேசையில் வைத்து உருட்டி உருட்டி யோசிக்கிறார். அவர் எழும்பிப் போனதும் இரண்டு குழுவையும் நான் கறிக்குப் போட்டுவிடுகிறேன்.

என்றாலும் வீட்டில் பதினெட்டு வயதுப் பெட்டை இருக்கிறாள். இன்னொன்று, உன் அத்தானுக்கு இதை நான் சொல்லவில்லை. தனக்கு வரும் கடிதங்கள் என் பெயருக்கு வரட்டுமா என்று கேட்டார். முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஓம் என்று தலையாட்டிவிட்டேன். பிறகுதான் பிடரியில் அடித்த மாதிரிப் பயம் வந்தது. ஏன் தன் பெயருக்கு வரக்கூடாது?

உனக்குச் சிட்னியில் உதைபந்தாட்டக்காரர் பலரைத் தெரியும். மாப்பிள்ளை பகுதியை விசாரிக்கிற மாதிரி இந்த மனிசனை விசாரி. எந்த ஊர், என்ன மாதிரி ஆக்கள், பெண்சாதி பிள்ளைகள் உண்டா, முன்பு இருந்த இடங்களை ஏன் விட்டார், எல்லாம் கேள். ஒருவரோடு நிற்காதே, நாலு பேரிடம் கேள்.

அன்புடன்,
அக்கா நாகேஸ்வரி


ஹோம்புஷ், சிட்னி
2.4.1976

என் மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு,

தம்பி விக்னராஜா எழுதுவது. நான் சுகம், சோறும் கறியும் நானே சமைக்கிறேன், தடிமன் இல்லை. அத்தானின் முழங்காலுக்கு நல்லெண்ணெய் பூசுங்கள்.

நீங்கள் கேட்டு நான் விசாரிக்காமல் விட்டதுண்டா? பெரியக்காவுக்கு வந்த கொழும்பு மாப்பிள்ளை குடிகாரன் என்று கண்டுபிடித்தது யார்? அதே ஆள்தான் இப்போது றெயில்வே வரைபடக் கந்தோரில் இருந்துகொண்டு பிரேசில்காரரின் சாதகம் பார்க்கிறேன்.

என்னோடு வேலை செய்கிற ஹங்கேரியக் கிழவர் ஒருவர், உலகத்தில் எந்தக் குழுவுக்கு எவர் கோச் என்று மனப்பாடமாகச் சொல்வார். தவேரா என்றதும் மேசையில் அடித்துச் சிரித்தார். "வெல்லப் போகும்போது ஓடுகிறவர்" என்றார். விசயம் இதுதான். ஏழு வருடத்தில் உங்கள் தவேரா லீமா, அக்ரா, குவைத், ஹொங்கொங் என்று நாலு இடம் பார்த்துவிட்டு, ஐந்தாவதாக உங்கள் பின்னறைக்கு வந்திருக்கிறார். எங்கே போனாலும் அடிமட்டத்தில் கிடக்கிற குழுவைத்தான் எடுப்பாராம். ஒரே வருடத்தில் உச்சிக்குக் கொண்டு வருவாராம். அக்ராவில் இரண்டு ஆட்டம் மிச்சம், குழு முதலாமிடம், காலையில் பார்த்தால் ஆளில்லை. குவைத்தில் இறுதியாட்டத்துக்கு முதல்நாள் ஆளில்லை. ஒரு கிண்ணமாவது கையில் தூக்கினதில்லை.

ஏன் என்று கேட்டேன். சூது என்கிறார் ஒருவர், பெண் விவகாரம் என்கிறார் இன்னொருவர். தோற்றுக் கொடுக்கக் கையூட்டு வாங்குகிறவர் என்றால் குழுவை ஏன் உச்சிக்குக் கொண்டு வரவேண்டும்? எனக்கு விளங்கவில்லை. விளங்கும்வரை விடமாட்டேன்.

கலாவுக்கு மாமாவின் அன்பு.

உங்கள் தம்பி,
விக்னராஜா


கிளேட்டன்
25.4.1976

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே குளிர் தொடங்கிவிட்டது, மற்றும்படி சுகம். நீ கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போகாதே.

"வெல்லப் போகும்போது ஓடுகிறவர்" என்று நீ எழுதியதைப் படித்த நாளிலிருந்து ஆட்ட முடிவுகளைப் பயந்து பயந்துதான் கேட்கிறேன். ஏனென்றால் குழு வெல்கிறது. நாலு ஆட்டத்தில் மூன்று வெற்றி. போன கிழமை உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து ஒரு பெடியன் கமெராவோடு வீட்டுக்கே வந்துவிட்டான். நான் கதவைத் திறந்து, "கோச், உங்களைப் படம் பிடிக்க வந்திருக்கினம்" என்று கூப்பிடுகிறேன், சத்தமே இல்லை. போய்ப் பார்த்தால் குளியலறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நிற்கிறார். அரை மணித்தியாலம். வெளியே வரும்போது முகமெல்லாம் வியர்வை, இந்தக் குளிரில்! "படம் வேண்டாம், தோனா நாகா" என்றார். தோனா என்றால் அவருடைய ஊரில் அம்மா என்கிற மாதிரி ஒரு மரியாதை.

மாதம் ஒரு கடிதம் என் பெயருக்கு வருகிறது. கையெழுத்து நெருக்கமாக, சாய்வாக, அவருடைய பாஷையில். அடுப்படியில் நின்றுகொண்டே இரண்டு தரம் படிப்பார். பிறகு அடுப்பில் பிடித்து எரித்துவிட்டுச் சாம்பலையும் தண்ணீர் ஊற்றிக் கழுவுவார். அன்று முழுக்க நல்ல பேச்சு, நல்ல சாப்பாடு. மற்ற நாட்களில் கோழி கொறித்த மாதிரித்தான்.

நேற்று என் குசினித் தாச்சிச் சட்டி ஓட்டையை ஈயம் வைத்து அடைத்துத் தந்தார். கலாவுக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறார். நல்லவரா கெட்டவரா என்று தெரியாமல் நான் படுகிற பாடு உனக்கு விளங்காது. இன்னும் வடிவாக விசாரி. அவருடைய நாட்டு ஆக்கள் யாராவது அங்கே இருந்தால் அவர்களிடமே கேள்.

அன்புடன்,
அக்கா


ஹோம்புஷ்
16.5.1976

அன்பு அக்காவுக்கு,

நான் நல்ல சுகம். எல்லாரும் அங்கே சுகமாக இருப்பீர்கள்.

நீங்கள் சொன்னபடி செய்தேன். பீட்டர்ஷம் பக்கம் தவேராவின் பாஷை பேசுகிற போர்த்துக்கேயர் கடைகள் உண்டு. மூன்று சனிக்கிழமை அங்கேயே கிடந்தேன். இறைச்சிக்கடை, பாண்கடை, கோப்பிக்கடை ஒன்று விடவில்லை. ஒருவருக்கும் தெரியாது. நேற்று அதிர்ஷ்டம் அடித்தது. கோப்பிக்கடையில் சாம்பல் நிற சூட் போட்ட ஒருவர் எழும்பி வந்து, "தவேராவையா தேடுகிறீர்கள்? அவன் என் பால்ய சிநேகிதன்" என்றார். நல்ல இங்கிலீஷ், நல்ல மரியாதை. இரண்டாவது கோப்பியும் அவரே எடுத்துத் தந்தார். தவேரா நல்ல குடும்பம், தகப்பன் பள்ளிக்கூட அதிபர், மனைவி இறந்துவிட்டா, ஒரு மகன் என்றார். அந்த மகனைப் பற்றித்தான் நிறையக் கேட்டார், சொன்னதைவிடக் கேட்டது அதிகம்.

ஆகவே பயப்பட ஒன்றுமில்லை அக்கா. ஆள் நல்ல இடம். விசாரணை முடிந்தது, ஆறுதலாக இருங்கள்.

தம்பி,
விக்னராஜா


கிளேட்டன்
13.6.1976

தம்பி விக்னராஜாவுக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டுகிறேன். நான் சுகமாக இல்லை. இந்தக் கடிதத்தைப் படித்த உடனே பதில் போடு.

உன் கடிதம் வந்ததும் எனக்குச் சந்தோசம். நல்ல குடும்பம், ஒரு மகன் என்று இருந்ததே, அதைக் குசினியில் அவரிடமே சொல்லிவிட்டேன். "கோச், உங்களுக்கு மகன் இருக்கிறாராமே, என்ர தம்பி சிட்னியில உங்கட சிநேகிதரைக் கண்டவனாம்" என்றேன். அவர் கையில் இருந்த கோப்பை விழுந்து உடைந்தது. "எனக்குச் சிட்னியில் சிநேகிதர் இல்லை" என்றார். அப்படியே கதிரையில் இருந்து, முதல் தரமாக எல்லாவற்றையும் சொன்னார்.

மகனின் பெயர் ரெனாட்டோ. பத்தொன்பது வயதில் அச்சுக்கூடத்தில் வேலை. பட்டாளத்து ஆட்சிக்கு எதிராக இரவல் மையில் துண்டுப்பிரசுரம் அடித்திருக்கிறான். கூட அடித்த மூன்று பெடியன்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மூன்று பேரும் திரும்பி வரவில்லை, பிரேதம்கூட இல்லை. இவன் எல்லை தாண்டித் தப்பிவிட்டான். அதிலிருந்து நாடு நாடாக ஒளித்துத் திரிகிறான். தேடுகிறவர்களுக்கு அவன் இருக்கிற இடம் தெரியாது. ஆனால் மாதம் ஒரு தரம் தகப்பனுக்கு எழுதுவான் என்று தெரியும். தகப்பனைக் கண்டுபிடித்தால், வருகிற கடிதத்தின் முத்திரையை வைத்து மகனைப் பிடித்துவிடுவார்கள். அதனால்தான் என் பெயர். அதனால்தான் அடுப்பு.

கோச் ஒவ்வொரு நாட்டுக்கும் போனதும், லிஸ்பனில் இருக்கிற ஒரு பழைய சிநேகிதருக்கு மட்டும் புது விலாசம் சொல்வாராம். அவர் மகனுக்குச் சொல்வாராம். வேறு வழி இல்லை.

"அப்ப ஏன் கோச், ஒவ்வொரு இடத்திலயும் வெல்லுற நேரம் ஓடுறியள்?" என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எனக்கு உதைபந்து ஒன்றுதான் தெரியும், தோனா. கெட்டிக்காரத்தனமில்லாமல் செய்தால் வேலையை விட்டுத் துரத்துகிறார்கள். நன்றாகச் செய்தால் பத்திரிகையில் படம் போடுகிறார்கள். நடுவில் நிற்க எவ்வளவோ பார்த்தேன். பெடியன்கள் நல்லாக விளையாடுகிறபோது தோற்கச் சொல்ல வாய் வரவில்லை."

மகனை எழுதவேண்டாம் என்று சொல்லக்கூடாதா என்றேன். ஒருமுறை சொன்னாராம். ஒரு மாதம் கடிதம் வரவில்லை. அந்த மாதம் முழுக்கச் சோறு தண்ணி எடுக்கவில்லை என்றார்.

தம்பி, நீ அந்தச் சாம்பல் சூட்காரனுக்கு எங்கள் விலாசம் சொன்னாயா? சொல்லியிருக்கமாட்டாய். சொல்லவில்லை என்று ஒரு வரி எழுதிப் போடு. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கா


கிளேட்டன்
11.7.1976

தம்பிக்கு,

நாலு கிழமையாகிறது. உன் பதில் இல்லை. உனக்கு வருத்தம் கிருத்தம் இல்லையே? எங்களுக்கு வீட்டில் போனும் இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து உன் கந்தோருக்கு எடுத்தால், நீ வேலைக்கு வருகிறாய், அந்த நேரம் வெளியே என்கிறார்கள்.

தபால்காரர் நேற்று என்னிடம் ஒரு விசயம் சொன்னார். எங்கள் தெருமுனையில் ஒருவன் காரை நிறுத்தி, "நான் அந்த வீட்டுச் சிநேகிதன், அவர்களுக்கு வெளிநாட்டுக் கடிதம் இருந்தால் தாருங்கள், நானே கொண்டுபோகிறேன்" என்று கேட்டானாம். தபால்காரர் மோல்டாக்காரர், நல்ல மனிசர். கொடுக்கவில்லை.

குழு முதலாமிடத்தில் நிற்கிறது. கலா பள்ளியால் வரப் பத்து நிமிடம் பிந்தினாலும் நான் தெருவில் போய் நிற்கிறேன். கோச்சிடம் இன்னும் சொல்லவில்லை. உன் பதிலைப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று இருக்கிறேன். ஏன் எழுதுகிறாயில்லை?

அக்கா


ஹோம்புஷ்
17.7.1976

அக்கா,

சுகம் விசாரிக்க எனக்கு முகமில்லை.

கொடுத்துவிட்டேன். அந்தச் சூட்காரர் கேட்கவே இல்லை அக்கா, விலாசத்தை நானாகக் கொடுத்தேன். எங்கள் பழக்கம்தானே. ஒருவர் எங்கள் ஆளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்னால், "கட்டாயம் வீட்டுக்குப் போங்கோ, அக்கா நல்லாச் சமைப்பா" என்று விலாசத்தைக் கையில் வைத்துவிடுவோம். அப்படித்தான் வைத்தேன். அவருடைய சின்னக் கொப்பியில் என் கையாலேயே எழுதினேன். வீட்டு இலக்கம், அத்தானின் வேலை, கலாவின் பெயர், எல்லாம் சொன்னேன். கடிதங்கள் உங்கள் பெயருக்கு வருகிறது என்பதையும் ஒரு பகிடியாகச் சொன்னேன்.

உங்கள் ஜூன் கடிதம் வந்த நாளே எனக்கு விளங்கிவிட்டது. நாலு கிழமை எழுதாமல் இருந்தது வேலையால் இல்லை, பயத்தால்தான். தந்தி அடிக்கத் தபால்கந்தோர் வாசல்வரை மூன்று தரம் போனேன். உள்ளே போகவில்லை. உடனே கோச்சிடம் சொல்லுங்கள்.

விக்னராஜா


கிளேட்டன்
26.7.1976

தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். அதுவே சுகம் என்று வைத்துக்கொள்.

செவ்வாய்க்கிழமை உன் கடிதம் வந்தது. கோச் பயிற்சியால் வந்ததும் குசினியில் வைத்துச் சொன்னேன். கோபிப்பார், கத்துவார் என்று காத்திருந்தேன். "உங்கள் தம்பியா?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "அக்காவுக்காகக் கேட்டிருக்கிறான். அவனை ஏசாதேங்கோ" என்றார். என்னால்தான் தாங்க முடியவில்லை. விசாரி, விசாரி என்று உன்னைப் பிடித்துத் தள்ளினது நான். அவர் முன்னால் இருந்து அழுதேன்.

புதன்கிழமை காலையில் போய்விட்டார். எங்கே என்று சொல்லவில்லை. "தெரியாதவர் சொல்ல முடியாது, தோனா" என்றார். இனி ஒன்றிரண்டு கடிதம் வந்தாலும் வரும், வாசலிலேயே எரித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஆட்டம் இன்னும் இரண்டுதான் மிச்சம். பெடியன்கள் வீட்டுக்கு வந்து நின்றார்கள். தலைவன் நல்ல பெரிய உடம்புக்காரன், கண்ணைத் துடைத்துக்கொண்டே, "கோழை" என்று திட்டினான்.

சனிக்கிழமை அந்த ஆள் வந்தான். சாம்பல் சூட், கையில் கேக் பெட்டி. "உங்கள் தம்பி விக்னராஜா என் சிநேகிதர்" என்றான். அவனுக்குத் தேத்தண்ணி போட்டேன் தம்பி. வந்தவனுக்குத் தேத்தண்ணி போடாமல் இருக்க என் கைக்குத் தெரியவில்லை. தவேரா எங்கே என்றான். "சண்டை பிடிச்சுக்கொண்டு போட்டார், வாடகை அறைக்காரர்தானே, எங்களுக்கென்ன தெரியும்" என்றேன். கடிதம் ஏதும் வருமா என்றான். "எனக்கு யாழ்ப்பாணத்தில இருந்துதான் கடிதம் வரும்" என்றேன். என் வயதுக்கு நான் இப்படிப் பொய் சொன்னதில்லை. அவன் தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தான். எழும்பும்போது சிரித்துக்கொண்டு, "கலா கணக்குப் பாடத்தில் கெட்டிக்காரியாமே" என்றான்.

பொலிசுக்குப் போவோம் என்றார் உன் அத்தான். போய் என்ன சொல்வது? கேக் கொண்டுவந்தான், மகளைப் புகழ்ந்தான் என்றா? கேக்கை மண்ணில் புதைத்தேன்.

அக்கா


ஹோம்புஷ்
29.8.1976

அன்புள்ள அக்காவுக்கு,

என்னை ஏசி நாலு வரி எழுதியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். நீங்கள் ஏசவில்லை.

பீட்டர்ஷம் போனேன். அந்த ஆள் கோப்பிக்கடைக்கு இப்போது வருவதில்லையாம், பெயரும் ஒருவருக்கும் தெரியாதாம். உங்கள் ஊர்க் குழு கிண்ணம் வென்றதாக ஹங்கேரியர் சொன்னார். "அதே கதை, ஆள் ஓடிவிட்டார்" என்று சிரித்தார். சிரிக்காதீர்கள் என்று கத்திவிட்டேன். கந்தோரே திரும்பிப் பார்த்தது.

கடிதம் வருகிறதா? கலா தனியே போய்வர விடாதீர்கள். கிறிஸ்மஸ் லீவுக்கு வரலாமா?

விக்னராஜா


கிளேட்டன்
10.10.1976

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் மூவரும் சுகம். தாராளமாக வா, இது உன் வீடு.

ஆகஸ்ட்டில் ஒரு கடிதம் வந்தது. செப்டெம்பரில் ஒன்று. இரண்டையும் தபால்காரர் கையிலிருந்து வாங்கி, பிரிக்காமல் அடுப்பில் போட்டேன். எரிகிறபோது, அந்தப் பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று ஒரு சந்தோசமும் வந்தது. உண்மையைச் சொன்னால் அந்தச் சந்தோசத்துக்காகவே அடுத்த மாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை வந்தது வேறு கடிதம். தட்டச்சில் அடித்தது. இங்கிலீஷ். எனக்கே எழுதியது. கலா வாசித்துச் சொன்னாள். "அம்மா, நான் தவேராவின் மகன் ரெனாட்டோ. லிஸ்பனில் இருந்த எங்கள் சிநேகிதர் இறந்துவிட்டார். அப்பா எங்கே என்று சொல்ல இனி உலகத்தில் ஒருவருமில்லை. அவர் உங்களைப் பற்றிச் சொல்லி அனுப்பியிருந்தார். நாட்டின் பெயர் மட்டும் போதும். நான் எழுதிய இரண்டுக்கும் பதில் இல்லை, பயமாக இருக்கிறது." கீழே ஒரு தபால்பெட்டி இலக்கம். கையெழுத்து இல்லை, பெயரும் அடித்துத்தான் இருக்கிறது.

அந்தப் பெடியனுக்கு இங்கிலீஷ் தெரியுமா? யாரையாவது பிடித்து எழுதுவித்தானா? எனக்கு அவன் பாஷை தெரியாது என்பதால் இங்கிலீஷில் எழுதினானா? அல்லது அந்தத் தேத்தண்ணி குடித்தவன் எழுதினானா? ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய கடிதம் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் எரித்தாயிற்று.

இன்னும் ஒன்று. எனக்கு நாடு தெரியும். போகிற அன்று காலை கோச் கலாவின் உலகப்படப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் குசினிக்குள் வர, மூடிவைத்தார். மூட முதல் அந்தப் பக்கத்தை நான் கண்டுவிட்டேன். கோச் எந்த நாடு என்று தெரிந்தால் போதும், அங்கே உதைபந்தாட்டக் குழு எத்தனை இருக்கப்போகிறது, ஒரு கிழமையில் ஆளைப் பிடித்துவிடலாம். யாராலும் பிடித்துவிடலாம்.

அக்கா


ஹோம்புஷ்
15.10.1976

அக்கா,

கடுகதித் தபாலில் போடுகிறேன். எழுதுங்கள். நாட்டின் பெயரை எழுதுங்கள். அது அவன்தான். நான் எழுதிய இரண்டுக்கும் பதில் இல்லை என்கிறானே, கடிதம் இரண்டு என்று அவனுக்கல்லாமல் வேறு யாருக்குத் தெரியும்? ஒரு பிள்ளை தகப்பன் எங்கே என்று கேட்கிறான். நாங்கள் அவனுக்குச் செய்த அநியாயத்துக்கு இதையாவது செய்யவேண்டும். உங்களுக்குப் பயம் என்றால் எனக்கு எழுதுங்கள், நான் அவனுக்கு எழுதுகிறேன். வேண்டுமென்றால் முதலில் அந்த நாட்டில் ஆள் வைத்து விசாரிக்கிறேன்.

விக்னராஜா


கிளேட்டன்
7.11.1976

அன்புள்ள தம்பி விக்னராஜாவுக்கு,

அக்கா எழுதுகிறேன். எல்லாரும் சுகம். வெயில் தொடங்கிவிட்டது.

இரண்டு கடிதம் என்று தபால்காரருக்கும் தெரியும். அவர் ஒரு மாதம் லீவில் போனார், வேறொருவர் வந்தார், வந்தவர் யாரிடம் என்ன சொன்னாரோ. எனக்கு உன்னைப் போல அவ்வளவு சுகமாக நம்ப முடியவில்லை.

மூன்று கிழமை யோசித்தேன். உன் அத்தான், கிழித்துப் போடு என்றார். கலா, "அது அவன்தான் அம்மா, பயமா இருக்கு எண்டு எழுதியிருக்கிறான்" என்று அழுதாள். கடைசியில் பதில் எழுதினேன். கலாதான் இங்கிலீஷில் எழுதித் தந்தாள். "நீங்கள் சொல்லும் பெயரில் ஒருவரும் எங்கள் வீட்டில் இருந்ததில்லை. விலாசம் பிழை. இனி எழுதவேண்டாம்." என் கையெழுத்தைப் போட்டு, நானே நடந்துபோய்ப் பெட்டிக்குள் போட்டேன். போட்ட பிறகும் தபால்காரர் வந்து திறக்கும்வரை அங்கேயே நின்றேன். திருப்பிக் கேட்டு வாங்கலாமா என்று நின்றேன். வாங்கவில்லை.

எழுதினது அந்தத் தேடுகிறவங்கள் என்றால், அந்தப் பெடியன் இன்னும் பிடிபடவில்லை, நான் அவனைக் காப்பாற்றிவிட்டேன். அது அந்தப் பெடியனே என்றால், உலகத்தில் அவனுக்கு இருந்த ஒரே வழியை என் கையெழுத்து அடைத்துவிட்டது. வேறு ஒரு தாய் என்றால் நம்பி நாட்டின் பெயரை எழுதியிருப்பாவோ தெரியாது, எனக்குத் தைரியம் அவ்வளவுதான்.

நாட்டின் பெயரை உனக்கு எழுதமாட்டேன். உன் அத்தானுக்கும் சொல்லவில்லை. நீ அங்கே ஒருவரிடமும் ஒன்றும் கேட்காதே. இதுவரை நான் உனக்குச் சொன்னதை எல்லாம் நீ செய்திருக்கிறாய், இதையும் செய்.

இந்த மாதம் கடிதம் ஒன்றும் வரவில்லை. "எப்பம்மா எங்களுக்குத் தெரியவரும், அது ஆரெண்டு?" என்று கலா கேட்டாள். தெரியவராது என்றேன். தெரியவராமல் இருக்கிறதுதான் நல்லது என்றும் சொன்னேன். அவள் நம்பவில்லை. நானும் நம்பவில்லை.

லீவுக்குக் கட்டாயம் வா. உனக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பொரியல் செய்துவைக்கிறேன்.

அன்புடன்,
அக்கா நாகேஸ்வரி